பூக்கிற மரத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும்: சரக்கொன்றை வளர்ப்பது எப்படி?



சித்திரை மாதம் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து போகும்போது பார்த்திருப்பீர்கள். காடு கரையெல்லாம் காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் ஏதோ ஒரு கோயில் வாசலிலோ, பள்ளிக்கூட மூலையிலோ ஒரு மரம் மட்டும் இலையே தெரியாமல் மஞ்சள் மஞ்சளாகச் சரம் தொங்கவிட்டு நிற்கும். அதுதான் சரக்கொன்றை. கொன்றை என்று சொன்னாலும் இதுதான். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் ஔவையாரின் ‘கொன்றை வேந்தன்’ என்ற நூலின் பெயரே, கொன்றைப் பூ சூடிய சிவபெருமானைக் குறிப்பதுதான். கேரளாவில் இதுதான் மாநில மலர். அங்கே விஷுக் கனியில் இந்தப் பூ இல்லாமல் இருக்காது.

போன கூட்டத்தில் சில உறுப்பினர்கள், “இந்த மரத்தை நம்ம ஊர்லயும் வைக்கலாமா? எப்படி வளர்க்கறது?” என்று கேட்டார்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் வளர்க்கும் முறையைச் சொல்வதற்கு முன், நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயம் இல்லை.

எங்கள் தவறு

சில வருடங்களுக்கு முன்னால் நம் ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையில் 30 சரக்கொன்றைக் கன்றுகள் நட்டோம். நட்டது மாசி மாதம். மார்ச்சுக்குள் கணக்கு முடித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. குழி தோண்டினோம், நட்டோம், எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்தோம். அறிக்கையில் “30 மரங்கள் நடப்பட்டன” என்று எழுதினோம்.

ஆனி மாதம் போய்ப் பார்த்தால் நான்கு கன்றுகள்தான் உயிரோடு இருந்தன. அந்த நான்கும் எங்கே இருந்தன தெரியுமா? பாதை முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் கடையைச் சுற்றி. அரிசி, உளுந்து கழுவிய தண்ணீரைத் தினமும் அந்தக் கன்றுகளுக்கு ஊற்றியிருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. கண் முன்னால் வாடி நிற்பதைப் பார்க்க முடியவில்லை, அதனால் ஊற்றினேன் என்றார்.

அந்த மாதக் குழுக் கூட்டத்தில் நாங்கள் கொஞ்சம் வருத்தத்தோடுதான் பேசினோம். “ஏன் இப்படி விட்டுட்டீங்க?” என்றுகூடக் கேட்டுவிட்டோம். அப்போது ஒரு மூத்த உறுப்பினர் சொன்னது இன்றுவரை எங்களுக்கு மறக்கவில்லை.

“நட்டுட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டீங்க. தண்ணி யாரு ஊத்துறதுன்னு அன்னைக்கு ஒருத்தரும் பேசலையே. முப்பது கன்னும் எல்லாருக்கும் பொதுன்னு சொன்னீங்க. பொதுன்னா யாருக்கும் இல்லைன்னு ஆயிப்போச்சு. உள்கடன் குடுக்கையில ஒருத்தர் பேர்ல எழுதுறோம்ல? அந்த மாதிரி கன்னையும் ஒருத்தர் பேர்ல எழுதுங்க.”

அந்த அம்மா கையெழுத்துப் போடவே குழுவில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டார். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான்.

1,500 குடம் தண்ணீர்

அன்று கூட்டத்திலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு கன்றுக்கு முதல் கோடையில் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும். மாசியிலிருந்து ஆடி வரை ஏறக்குறைய 25 வாரம். அப்படியானால் ஒரு கன்றுக்கு 50 குடம். 30 கன்றுக்கு 1,500 குடம்.

இந்த 1,500 குடத்தையும் யார் சுமப்பது? நாம்தான். குடிதண்ணீருக்கே குழாயடியில் வரிசையில் நிற்கிற பெண்கள் தலையில் இன்னும் 1,500 குடத்தை ஏற்றிவிட்டு, “மரம் வளர்க்க அக்கறை இல்லை” என்று குறை சொன்னால் அது எந்த ஊர் நியாயம்? அதனால் அடுத்த தடவை முதல் கேள்வியையே மாற்றினோம். எத்தனை கன்று நடலாம் என்று கேட்கவில்லை. எத்தனை கன்றுக்கு நம்மால் தண்ணீர் ஊற்ற முடியும் என்று கேட்டோம். ஆறு கன்று என்று பதில் வந்தது. ஆறுதான் நட்டோம்.

பூ மட்டும்தானா, லாபம் இல்லையா?

அந்தக் கூட்டத்தில் இன்னொரு கேள்வியும் வந்தது. “பழம் இல்ல, பருப்பு இல்ல. பூ மட்டும் பூக்குற மரத்துக்கு எதுக்குத் தண்ணி தூக்கணும்?”

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறோம். சரக்கொன்றையால் பெரிய வருமானம் கிடையாது. காய்க்குள் இருக்கும் கறுப்பான சதையைச் ‘சரக்கொன்றைப் புளி’ என்று நாட்டு மருந்துக் கடைகளில் விற்பார்கள். பட்டை தோல் பதனிடப் பயன்பட்டிருக்கிறது. முற்றிய கட்டை உறுதியானது. ஆனால் ஒன்றிரண்டு மரத்தை வைத்து இதில் பணம் பார்க்க முடியாது. வருமானம் வேண்டுமென்றால் முருங்கையும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வையுங்கள். கன்று உற்பத்தி செய்து விற்பதில் ஓரளவு வாய்ப்பு உண்டு. அதுவும் வாங்குவதற்கு ஆள் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்த பிறகுதான் இறங்க வேண்டும்.

நிழலைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். சரக்கொன்றை பங்குனி சித்திரையில் இலை உதிர்த்துக் கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். பிறகு பூவும் புது இலையும் வரும். கடும் வெயில் நேரத்தில் அடர்ந்த நிழல் வேண்டுமானால் புங்கன், வேம்புதான் சரி. அங்கன்வாடி முன்னால் ஒரு புங்கன், கொஞ்சம் தள்ளி ஒரு சரக்கொன்றை என்று வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

அப்புறம் எதற்கு இந்த மரம்? அந்தக் கூட்டத்தில் இன்னொரு சகோதரி சொன்ன பதிலையே இங்கே தருகிறோம்: “காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் லாபம் நட்டம்தான் பாக்குறோம். கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒண்ணு இருந்தாத்தான் என்ன?” யாரும் மறுத்துப் பேசவில்லை.

எந்தக் கொன்றை? ஏமாந்துவிட வேண்டாம்

மஞ்சள் பூ என்றால் எல்லாம் சரக்கொன்றை ஆகிவிடாது. கன்று வாங்கும்போது மூன்று மரங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சரக்கொன்றை: பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும். ஓர் இலைக்காம்பில் 4 முதல் 8 ஜோடி சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் நம் உள்ளங்கை நீளத்துக்குப் பெரிதாக இருக்கும். காய் உருண்டையாக, ஒரு முழம் அல்லது அதற்கும் மேல் நீளமாக, தடி மாதிரி தொங்கும்.

இயல்வாகை: சாலையோரம் நிறைய இருக்கும். பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். மொட்டு துருப்பிடித்த நிறம். இலை புளிய இலை போலப் பொடிப்பொடியாக இருக்கும். காய் தட்டை.

மஞ்சள் கொன்றை எனப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ்: இதில்தான் கவனம் தேவை. இது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம். இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, புல்லையும் மற்ற செடிகளையும் வளர விடாமல் அடைத்துக்கொண்டது. வனத்துறை இதை வெட்டி அகற்றி வருகிறது. இதன் பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும். சிற்றிலைகள் சிறியவை, ஒரு காம்பில் 10 ஜோடிக்கும் மேல் இருக்கும். இதைத் தெரியாமல்கூட நட்டுவிடக் கூடாது.

சரக்கொன்றையோ நம் மண்ணின் மரம். வறட்சி தாங்கும். வனத்துறை நாற்றங்கால்களில் விசாரித்தால் கன்று கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் நாமே விதை போட்டு வளர்க்கலாம்.

விதையிலிருந்து கன்று

மார்கழியிலிருந்து மாசிக்குள் காய் கறுத்துப் பழுத்துவிடும். உடைத்தால் உள்ளே காசு அடுக்கியது போலத் தடுப்புத் தடுப்பாக இருக்கும். ஒவ்வொரு அறையிலும் பிசுபிசுப்பான சதையோடு ஒரு விதை. கழுவிக் காய வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதையை அப்படியே போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். காரணம், அதன் தோல் மிகவும் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் கரடி, நரி, குரங்கு போன்றவை காயின் சதையைத் தின்று விதையைப் பரப்புகின்றன. நாம் வேறு வழி செய்ய வேண்டும்.

• ஒவ்வொரு விதையின் ஓரத்தையும் உப்புத்தாளிலோ சொரசொரப்பான சிமெண்டுத் தரையிலோ தேய்த்து, உள்ளே வெளுப்பு லேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். முளை இருக்கும் முனைப் பக்கம் தேய்க்க வேண்டாம்.
• பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் ஊதிப் பெருத்த விதைகள் முளைக்கத் தயார். ஊதாததை மறுபடி தேய்த்து ஊற வையுங்கள்.
• நிறைய விதை இருந்தால் கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, அதில் விதையைப் போட்டு ஆறவிட்டு, மறுநாள் வரை ஊற விடலாம். அடுப்பில் வைத்து வேகவிடக் கூடாது.
• செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து நாற்றுப் பையில் நிரப்பி, அரை விரற்கட்டை ஆழத்தில் ஊன்றுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்திலிருந்து முளைக்க ஆரம்பிக்கும்.

ஆணிவேர் வேகமாக இறங்கும். பையைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் போய்விடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பையை இடம் மாற்றி வையுங்கள். ரொம்ப நாள் பையிலேயே விட்டால் வேர் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு நட்ட மரம் பெரிதாகிக் காற்றில் சாய வாய்ப்பு அதிகம்.

இடமும் காலமும்

நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். நிழலில் வளர்ந்தால் பூ குறையும். தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது. கரிசல் மண்ணாக இருந்தால் மேடு கட்டி நடுங்கள். மின்கம்பி போகும் இடத்துக்குக் கீழே கண்டிப்பாக நடக் கூடாது. இந்த மரம் 30 அடிக்கு மேலும் வளரும். வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி இருக்கட்டும். பொது இடம் என்றால் ஊராட்சியிலும், பள்ளி வளாகம் என்றால் தலைமையாசிரியரிடமும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது வந்து “யாரைக் கேட்டு வச்சீங்க?” என்று கேட்கக் கூடாது.

நடும் காலம் புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி வரை. வடகிழக்குப் பருவமழை முழுவதும் கன்றுக்குக் கிடைக்கும். கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். நாங்கள் செய்தது போல மாசியில் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே வெயில் வந்துவிடும்.

2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி எடுத்துப் பத்து நாள் வெயிலில் ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு இரண்டு கூடை தொழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி நடுங்கள். பையைக் கிழித்து எடுத்த பிறகுதான் நட வேண்டும். பையோடு குழிக்குள் இறக்கிய கன்றுகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு முட்டுக்குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

ஆடு மாடு இதன் இலையை அவ்வளவாக விரும்பித் தின்னாது. ஆனால் மிதிக்கும், முதுகு உரசும். அதனால் சுற்றிலும் சீமைக்கருவேல் முள் வைத்து வேலி கட்டுவது அவசியம்.

மூன்று கோடை

முதல் கோடை: வாரம் இரண்டு குடம். மணல் பாங்கான நிலமாக இருந்தால் மூன்று. காலையிலோ சாயங்காலமோ ஊற்றுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட வாரம் இரண்டு தடவை ஆழமாக ஊற்றுவதே நல்லது, வேர் கீழே இறங்கும். சுற்றிலும் வட்டப் பாத்தி கட்டி, காய்ந்த இலை தழை, தேங்காய் மட்டை போட்டு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் போட வேண்டாம்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊர்களில் இன்னொரு வழி உண்டு. பழைய மண்பானை ஒன்றைக் கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வையுங்கள். பானைச் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வேருக்குப் போகும், ஆவியாகி வீணாவது குறையும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரும் தாராளமாக ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

இரண்டாம் கோடை: வாரம் ஒரு தடவை இரண்டு குடம். வேலி பழுது பார்க்க வேண்டும்.

மூன்றாம் கோடை: ரொம்ப வாடினால் மட்டும், பத்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. அதற்குப் பிறகு மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். வளர்ந்த மரத்துக்குக் கோடையில் தண்ணீரையும் உரத்தையும் கொட்டத் தேவையில்லை. காய்ச்சல் காலம் பார்த்துத்தான் இந்த மரம் நன்றாகப் பூக்கும்.

கவாத்தும் புழுவும்

ஆள் உயரத்துக்கு மேல் கிளை பிரியும்படி கீழ்க்கிளைகளை மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுங்கள். வளர்ந்த மரத்தைப் பங்குனியில் கழித்துவிடாதீர்கள். அந்த வருடப் பூ போய்விடும். பூ முடிந்த பிறகு காய்ந்த கிளை, குறுக்கே போன கிளையை மட்டும் எடுத்தால் போதும்.

சில சமயம் பச்சைப் புழு வந்து இலையை எல்லாம் மொட்டையடித்துவிடும். பயந்துபோய் மருந்து அடிக்க வேண்டாம். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்த மரத்தில் முட்டையிடும், அதன் புழுதான் அது. குருவிகள் வந்து பொறுக்கித் தின்னும். மரம் மறுபடி தளிர்த்துவிடும். சின்னக் கன்றாக இருந்தால் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

நட்டு எத்தனை வருஷத்துல பூக்கும்?
விதைக் கன்று பூக்க நான்கைந்து வருடம் ஆகலாம். மண்ணைப் பொறுத்து ஏழெட்டு வருடமும் ஆகலாம். பக்கத்து ஊர் மரம் பூத்ததே என்று அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

காயைப் பிள்ளைங்க தின்னா ஆபத்தா?
காயின் சதை பேதி மருந்து. இனிப்பாக இருப்பதால் பிள்ளைகள் தின்றுவிடலாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும். விதையையும் தின்னக் கூடாது. பள்ளி, அங்கன்வாடி அருகே இருந்தால் விழுந்த காய்களைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். தின்றுவிட்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

மலச்சிக்கலுக்கு நாங்களே சாப்பிடலாமா?
சித்த மருத்துவத்தில் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அளவு தெரியாமல் சாப்பிடக் கூடாது. குறிப்பாகக் கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் கூடாது. அரசு சித்த மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஒரு கோடைக்கு நம் குழுவால் எத்தனை குடம் தண்ணீர் தர முடியும் என்று கணக்குப் போடுங்கள். அதை 50-ஆல் வகுத்தால் எத்தனை கன்று என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.
2. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், அவர் ஊரில் இல்லாதபோது பார்க்க ஒரு மாற்று ஆள். இருவர் பெயரையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
3. மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு பார்த்த பிறகு “கன்று எப்படி இருக்கு?” என்று ஒரு நிமிடம் கேளுங்கள்.
4. தண்ணீர் எடுப்பதில் வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுங்கள். மரம் ஊருக்குத்தானே?

நாங்களும் ஒன்றை மாற்றிக்கொண்டோம். இப்போது எங்கள் அறிக்கையில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதுவதில்லை. மூன்று கோடை தாண்டியவை எத்தனை என்றும் எழுதுகிறோம்.

இரண்டாம் முறை நட்ட ஆறில் ஐந்து பிழைத்துவிட்டன. ஒன்றை லாரி ஏற்றிவிட்டது. இட்லிக் கடை மரங்கள் நான்கும் சேர்த்து இப்போது ஒன்பது. போன சித்திரையில் கடை வாசலில் இருந்த மரம்தான் முதலில் பூத்தது, மூன்றே சரம். “கன்னையும் ஒருத்தர் பேர்ல எழுதுங்க” என்று சொன்ன அந்த அம்மா பேரப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். ஒரு சரத்தைப் பறித்துத் தரட்டுமா என்று கடைக்கார அக்கா கேட்டதற்கு, “வேணாம், மரத்துலயே இருக்கட்டும். பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க பாக்கட்டும்” என்றார்.

ஐப்பசி வருவதற்குள் உங்கள் குழுவிலும் பேசி முடிவெடுங்கள். குழி எடுக்கும் நாளைச் சொல்லி அனுப்பினால் நாங்களும் வருகிறோம். இந்தத் தடவை போட்டோவுக்கு மட்டும் இல்லை, ஒரு குடம் தூக்கவும்தான்.